பஞ்ச காலத்தில் பங்காளி மேல் சந்தேகம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தகம் பற்றி நாலு வரி எழுதியதற்கு ஒரு மூட்டைக் கடிதம் வந்துவிட்டது. நாடுகள் ஒன்று சேர்வதெல்லாம் பணக்காரர் வேலை, கஷ்டம் வந்தால் அடிபடுவது நாங்கள்தான் என்கிற ரகம்தான் அதிகம். பதில் சொல்லத் தோன்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்றதால் யாருக்கும் போடவில்லை.

ஏனுங்க, ஆர்டர் நல்லா வந்த வரைக்கும் ஐரோப்பாக்காரங்க ஒட்டுக்கா இருந்தாங்க. காசு குறைஞ்சதும் ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிறாங்க. நம்மூர்ப் பங்காளிச் சண்டைதானுங்களே இது?
(பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்)

பங்காளிச் சண்டையில் பாகம் பிரித்து வேலி போட்டுக்கொண்டு போய்விடலாம். இவர்கள் அதற்கும் வழியில்லாமல் ஒரே நாணயத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யூரோ கணக்கில் வந்தது 1999, கையில் நோட்டாக வந்தது 2002. கிரீஸ் 2001-ல் சேர்ந்தது. சேர்ந்ததும் கிட்டத்தட்ட ஜெர்மனிக்குக் கிடைக்கிற வட்டியில் அவர்களுக்கும் கடன் கிடைத்தது, வாங்கித் தள்ளினார்கள், கொடுத்தவர்களும் யோசிக்காமல் கொடுத்தார்கள். 2009 கடைசியில் புதிதாக வந்த அரசு கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, பற்றாக்குறை இதுவரை சொல்லி வந்ததைவிட ரொம்பப் பெரியது என்று வெளியே சொன்னது. கொஞ்ச மாதத்தில் கட்டுப்படியாகிற வட்டிக்குக் கடன் கொடுக்க ஆளில்லாமல் போனது.

இங்கே உங்களுக்குப் பழக்கமான விஷயம் ஒன்று வருகிறது. ரூபாய் இறங்கினால் பெட்ரோல் விலைக்கு நாம் அழுதாலும், டாலரில் பில் போடும் எக்ஸ்போர்ட்டருக்குப் பையரிடம் விலை பேசக் கொஞ்சம் இடம் கிடைக்கும். கிரீஸுக்கு அந்த வழி இல்லை, சொந்த திராக்மாவை விட்டுவிட்டுத்தானே யூரோவுக்கு வந்தார்கள். நாணயத்தின் மதிப்பை இறக்க முடியாதவர்கள் கூலியை இறக்கினார்கள். 2012 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக்கினார்கள், 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னும் குறைவு. பென்ஷனிலும் வெட்டு. 2013-ல் வேலைக்கு நிற்பவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை, இளவட்டங்களில் பாதிக்கும் மேல். பீஸ் ரேட்டில் ஐம்பது பைசா குறைத்தால் நம்மூரில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குறைக்கச் சொன்னது யார்? ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியம் என்று மூன்று இடத்து அதிகாரிகள். ஏதென்ஸில் பஸ் ஓட்டுகிறவர் இவர்களில் யாரையும் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கவில்லை. தன் எம்.பி.யைப் போய்க் கேட்டால் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கிற பிரஸ்ஸல்ஸைக் கை காட்டுவார், பிரஸ்ஸல்ஸைக் கேட்டால் உங்கள் அரசுதானே கையெழுத்துப் போட்டது என்பார்கள். நம்பிக்கை போனது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. கஷ்டத்தை ஜனங்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியாமல் அலைய விட்டால் ஆத்திரம் வரும்.

ஜெர்மனிக்காரருக்கும் அவர் பக்கத்து ஆத்திரம் இருந்தது. 2010-ல் 11,000 கோடி யூரோ, 2012-ல் 13,000 கோடி, 2015-ல் 8,600 கோடி வரை என்று மூன்று முறை கடன் ஒதுக்கினார்கள், நாங்கள் உழைத்துக் கட்டிய வரிப்பணம் என்று அவர் கத்தினார். கிரீஸ்காரர், அந்தப் பணத்தில் ஒரு காசை நான் பார்க்கவில்லை என்று கத்தினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை! பணத்தில் பெரும்பகுதி பழைய கடனையும் வட்டியையும் அடைக்கவும் வங்கிகளைத் தூக்கி நிறுத்தவும் போனது, அந்தப் பழைய கடனைக் கொடுத்தவர்களில் ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகளும் உண்டு.

ஒன்றியமே நடத்தும் யூரோபாரோமீட்டர் என்ற கருத்துக்கணிப்பில், ஒன்றியத்தை நம்புகிறோம் என்றவர்கள் 2007-ல் 57 சதவீதம். 2012, 2013 வாக்கில் அது 31-க்கு வந்துவிட்டது. இதை வைத்து ஐரோப்பா முடிந்தது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். ஆனால் அதே கணிப்பில், அதே ஜனங்களில் தங்கள் சொந்த நாட்டு அரசை நம்பியவர்கள் கால்வாசியைச் சுற்றித்தான் இருந்தார்கள் என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கோபம் ஒன்றியத்தின் மேல் மட்டும் இல்லை, அதிகாரத்தில் உட்கார்ந்திருந்த எல்லார் மேலும் இருந்தது. 2025-ல் ஒன்றியத்தை நம்புகிறவர்கள் மறுபடி பாதியைத் தாண்டிவிட்டார்கள்.

2015-ல் கிரீஸ் மக்கள் ஓட்டுப் போட்டு 'வேண்டாம்' என்றார்களே, அப்புறம் ஏன் வெளியே போகவில்லை?
(வங்கி ஊழியர், ஈரோடு)

அவர்களிடம் கேட்ட கேள்வி வேறு. கடன் கொடுப்பவர்களின் நிபந்தனையை ஏற்கலாமா என்றுதான் 2015 ஜூலை 5-ல் கேட்டார்கள், 61 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். அப்போது அங்கே வங்கிகள் மூடிக் கிடந்தன, ஏடிஎம்மில் நாளைக்கு 60 யூரோதான். (2016 நவம்பரில் நம்மூர் ஏடிஎம் வாசலில் நின்றவர்களுக்கு இந்த வரியை விளக்க வேண்டாம்.) ஒரு வாரம் கழிந்து அதே பிரதமர், அலெக்சிஸ் சிப்ராஸ், ஏறக்குறைய அதே நிபந்தனைக்கு, சில இடங்களில் அதைவிடக் கடுமையானதற்குத் தலையாட்டினார்.

அப்புறம் செப்டம்பரில் தேர்தல் வந்தது, சிப்ராஸே மறுபடி ஜெயித்தார்! வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. யூரோ வேண்டும், ஆனால் இந்த நிபந்தனை வேண்டாம் என்பதுதான் பெரும்பாலானவர்களின் நிலை, அது ஒன்றுக்கொன்று முரணானது கிடையாது. வேலையை விடாமல் கூலி உயர்வு கேட்கிற விசைத்தறிக்காரரிடம் போய், பிடிக்காவிட்டால் தறியை விற்றுவிடு என்று சொல்வோமா?

பிரிட்டன் வெளியே போனது சரியா, தப்பா? சுற்றி வளைக்காமல் ஒரு வார்த்தையில் சொல்லவும்.
(கல்லூரி மாணவி, கோவை)

தப்பு. ஒரு வார்த்தை முடிந்தது, இனி நான் சுற்றி வளைப்பேன் அம்மிணி.

2016 ஜூன் 23 ஓட்டெடுப்பில் வெளியே போகலாம் என்றவர்கள் 51.9 சதவீதம். அதில் இரண்டு ஊரைப் பாருங்கள். சண்டர்லாந்தில் நிசான் கார் கம்பெனி இருக்கிறது, அங்கே செய்யும் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போனது. அந்த ஊர் 61 சதவீதம் வெளியே என்றது. வேல்ஸில் எபு வேல் என்ற பழைய இரும்பாலை ஊர். ஆலை 2002-ல் மூடிவிட்டது, அப்புறம் ஐரோப்பிய நிதியில் ரோடு, ரயில், காலேஜ் எல்லாம் வந்தன, ஒன்றியத்தின் கொடி போட்ட போர்டும் வைத்தார்கள். அந்தப் பகுதியும் 62 சதவீதம் வெளியே என்றது. லண்டன் பத்திரிகைக்காரர்கள் போய், நன்றி கெட்டவர்கள் என்கிற தொனியில் எழுதினார்கள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஆலையில் தாத்தாவும் அப்பாவும் வாங்கிய சம்பளம் போய்விட்டது, அதற்குப் பதிலாக வந்தது ஒரு நல்ல ரோடு. அந்த ரோட்டில் ஏறி வேலை தேடி வெளியூர் போகலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 2010-லிருந்து நூலகத்தை மூடியதும், நகராட்சி நிதியை வெட்டியதும், உதவித்தொகையைக் குறைத்ததும் லண்டனில் இருந்த அவர்கள் சொந்த அரசு. பிரிட்டன் யூரோவில் சேரவே இல்லை, அதனால் பிரஸ்ஸல்ஸ் வெட்டச் சொல்லியது என்று சொல்லவும் முடியாது. ஆனாலும் கோபம் திரும்பியது பிரஸ்ஸல்ஸ் பக்கம், ஏனென்றால் இருபது வருடமாக எல்லாக் கட்சிக்காரரும் நல்லது நடந்தால் நாங்கள், கெட்டது நடந்தால் பிரஸ்ஸல்ஸ் என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். வெளியே போகச் சொன்னவர்கள், ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று பஸ்ஸில் எழுதி ஓட்டினார்கள், அதில் முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் தள்ளுபடியைச் சேர்க்கவே இல்லை. யார் சரிபார்த்தார்கள்?

மறுநாள் காலையில் பவுண்டு டாலருக்கு எதிராக 31 வருடத்தில் இல்லாத அளவு விழுந்தது. பவுண்டில் ஆர்டர் எடுத்து வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

தென்னை விவசாயி நான். மலேசியா, இந்தோனேசியாவோட ஒப்பந்தம் போட்டு பாமாயிலை எறக்கிப் போட்டாங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா? இதுல ஐரோப்பாவைப் பத்தி என்னத்துக்குப் பேசறீங்க?
(பொள்ளாச்சி)

ஐரோப்பாவில் கேட்பதும் இதே கேள்விதான், அதற்காகத்தான் பேசுகிறேன்.

உங்களை யாரும் கேட்கவில்லை, உண்மை. மலேசியா, இந்தோனேசியா எல்லாம் இருக்கிற ஆசியான் என்ற தென்கிழக்காசியக் கூட்டமைப்பு நாடுகளோடு சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தது, நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு விட வேண்டும் என்ற சட்டம்கூட இங்கே கிடையாது. கேரளாவில் அதை எதிர்த்து 2009 அக்டோபர் 2-ல் மாநிலம் முழுக்க மனிதச் சங்கிலி நின்றார்கள், நம் பக்கம் அந்த அளவு சத்தம் எழவில்லை.

ஆனால் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஒப்பந்தப்படி கச்சா பாமாயிலுக்கு வரியைப் படிப்படியாக 37.5 சதவீதம் வரை இறக்கினால் போதும். நடந்தது என்ன? ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே, 2008-ல், விலைவாசியைக் காரணம் காட்டி டெல்லியே கச்சா எண்ணெய் வரியைப் பூஜ்யம் ஆக்கியது. 2024 செப்டம்பரில் அடிப்படை வரியை 20 சதவீதமாக ஏற்றினார்கள், 2025 மே கடைசியில் மறுபடி 10-க்கு இறக்கினார்கள். ஒப்பந்தம் தடுக்காத இடத்திலும் டெல்லி தானாக இறக்கியிருக்கிறது. இந்தப் பக்கம் நம் ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அதற்கு மலேசியாவா மானியம் கொடுக்கிறது? அதற்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று உங்கள் ஆட்கள் எத்தனை வருடமாகக் கேட்கிறார்கள்! கோபப்பட வேண்டிய இடம் கோலாலம்பூரைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

உங்கள் ஊரில் பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளாவுக்கு வருடம் 7.25 டிஎம்சி அளந்துவிட வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் அங்கே அளவுகோல் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. வறண்ட வருடத்தில் கேரளாவின் சித்தூர்க்காரரும் நீங்களும் ஒருவரை ஒருவர் திருடன் என்பீர்கள். ஒப்பந்தம் இரண்டு வருடத்திலும் ஒன்றேதான். வறட்சியில் எப்படிக் குறைத்துக்கொள்வது என்பதை முன்னாலேயே இரண்டு பக்கமும் நம்பும்படி பேசி வைக்காவிட்டால் ஒவ்வொரு கோடையிலும் சண்டை வரும். யூரோவைத் தொடங்கியவர்களும் இதைத்தான் பேசாமல் விட்டார்கள், நல்ல வருடத்துக்கு மட்டும் விதி எழுதினார்கள்.

பால்காரர்கள் விஷயத்தில் கதை வேறு மாதிரிப் போனது. ஆர்செப் என்ற பெரிய ஆசிய ஒப்பந்தத்தில் நியூசிலாந்தும் இருந்ததால் பால் பவுடர் வந்து குவியும் என்று நாடு முழுக்கப் பால் உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள், 2019 நவம்பரில் இந்தியா விலகியது. சத்தம் போட்டால் சில நேரம் கேட்கத்தான் செய்கிறது.

வங்கதேசத் துணியை வரியில்லாமல் உள்ளே விட்டதுதான் திருப்பூர் உள்நாட்டு பனியன் தொழிலைக் கெடுத்தது. மறுக்க முடியுமா?
(ஜாப் ஒர்க் யூனிட் நடத்துபவர், அவிநாசி)

பாதி மறுப்பேன். 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனபோது 46 ஜவுளி இனங்களுக்கு வரியை எடுத்தார், இரண்டு மாதத்தில் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பில் உள்ள ஏழை நாடுகளுக்கு இருபத்தைந்து பொருள் தவிர எல்லாவற்றுக்கும் எடுத்துவிட்டார்கள். அடி விழுந்தது, அதை மறுக்கவில்லை. ஐரோப்பாவிலும் வங்கதேசத்துக்கு வரியில்லை, நாம் பல வருடமாக 9 சதவீதத்துக்கு மேல் கட்டி வந்தோம், அந்த வலியும் தெரியும்.

ஆனால் 2011-ஐ முழுசாக ஞாபகப்படுத்திப் பாருங்கள். அந்த ஜனவரியில்தான் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேல் பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. நூல் விலை அதற்கு முந்தைய வருடமே எகிறிவிட்டது. சாயக்கழிவை ஆற்றில் விட்டது டாக்கா இல்லை, ஒரத்துப்பாளையம் அணையை நாறடித்ததும் டாக்கா இல்லை. ஏற்கெனவே கீழே விழுந்து கிடந்தவர் மேல் இந்த வரிச்சலுகையும் வந்து விழுந்ததால், கடைசியாக விழுந்தது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது. 2025 மே மாதம் வங்கதேச ஆடைகள் தரைவழியாக வரக்கூடாது, இரண்டு துறைமுகம் வழியாக மட்டும் வரலாம் என்று அரசு உத்தரவு போட்டபோது இங்கே மகிழ்ச்சி. அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்கா நமக்கு 50 சதவீத வரி போட்டபோது உலக வர்த்தக நியாயம் பற்றி நாமே பேசினோம்.

கொங்குநாடு தனி மாநிலம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?
(காங்கேயம்)

மாநிலத்தின் தலைநகர் கோவையா, ஈரோடா, சேலமா என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

ஜிஎஸ்டியும் ஒரு கூட்டுதானே? அதில் நம் மாநிலத்துக்கு என்ன மரியாதை?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்)

நல்ல கேள்வி சார். ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. எதுவும் நிறைவேற முக்கால்வாசி வேண்டும். டெல்லி வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. மாநிலங்களுக்குள் தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை.

2017-ல் சேர்ந்தபோது, வருமானம் குறைந்தால் ஐந்து வருடம் இழப்பீடு உண்டு என்றார்கள். முதல் பெரிய கஷ்டம் 2020-ல் வந்தது. கொரோனாவில் வசூல் படுத்தபோது, இது கடவுள் செயல் என்று நிதியமைச்சர் சொன்னார், மாநிலங்களைக் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். கூச்சல் கிளம்பிய பின் அக்டோபரில்தான் மத்திய அரசே மாநிலங்களுக்காகக் கடன் வாங்கிக் கொடுக்க ஒத்துக்கொண்டது. அதே வருடம் ஜூலையில் ஐரோப்பாவில் 27 நாடுகளும் நாலு நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து சண்டை போட்டு, 75,000 கோடி யூரோவை ஒன்றியத்தின் பெயரிலேயே கடன் வாங்கிப் பங்கிடுவது என்று முடிவு செய்தன, அதில் ஒரு பெரிய பகுதி திருப்பித் தர வேண்டாத மானியம். கிரீஸில் பட்ட அடியில் கற்றுக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே நாடான நாம் அந்த விஷயத்தில் தனித்தனி நாடுகளைவிட இழுத்தடித்தோம் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம் பக்கத்தில் சார்க் மேல் யாருக்கும் இந்த மாதிரிக் கோபம் இல்லையே, ஏன்?
(கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்)

கோபப்படுகிற அளவுக்கு அது எதையும் செய்ததில்லை தம்பி. 1985-ல் டாக்காவில் தொடங்கியது, கடைசி உச்சி மாநாடு 2014-ல் காத்மாண்டுவில் நடந்தது, 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது ரத்தாகி அப்படியே நிற்கிறது. 2022-ல் இலங்கை திவாலானபோது ரிசர்வ் வங்கி கொடுத்த 40 கோடி டாலர் மட்டும் சார்க் பெயரிலான ஏற்பாட்டில் போனது. மற்றபடி இந்தியா தனியாகத்தான் கொடுத்தது, தமிழ்நாடும் தன் பங்குக்கு அரிசி, பால் பவுடர், மருந்து என்று கப்பலில் அனுப்பியது.

மக்களைக் கேட்காமல் செய்வதுதான் பிரச்சினை என்றால், எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு வைத்தால் போதாதா?
(வழக்கறிஞர், நாமக்கல்)

வைத்துப் பார்த்தார்கள், பாதி இடத்தில் கேவலமாக வைத்தார்கள். 2005-ல் ஐரோப்பிய அரசியல் சாசனத்துக்கு பிரான்சில் 55 சதவீதம், நெதர்லாந்தில் 61 சதவீதம் 'வேண்டாம்'. அதில் இருந்ததைப் பெருமளவு லிஸ்பன் ஒப்பந்தம் என்று வேறு உருவில் கொண்டுவந்து, இந்தத் தடவை ஜனங்களைக் கேட்காமல் நாடாளுமன்றத்திலேயே முடித்துக்கொண்டார்கள். பிரான்சில் அந்தக் கசப்பு இன்றைக்கும் போகவில்லை. அயர்லாந்தில் மட்டும் சட்டப்படி கேட்டே ஆக வேண்டும், 2008 ஜூனில் கேட்டார்கள், மாட்டோம் என்றார்கள். சில உறுதிமொழிகள் கொடுத்து 2009 அக்டோபரில் மறுபடி கேட்டார்கள், 67 சதவீதம் சரி. நடுவில் அந்த நாட்டு வங்கிகள் கவிழ்ந்திருந்தன, தனியாக நிற்கப் பயம் வந்துவிட்டது. ஐஸ்லாந்தும் அப்படித்தான், 2008-ல் வங்கிகள் விழுந்ததும் 2009-ல் ஒன்றியத்துக்கு மனு போட்டது, கொஞ்சம் எழுந்து நின்றதும் 2013-ல் பேச்சை நிறுத்திவிட்டது. கஷ்டம் வந்தால் ஜனங்கள் வெளியேதான் ஓடுவார்கள் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவர்கள் டென்மார்க்காரர்கள். 1992-ல் ஐரோப்பிய ஒன்றியத்தையே உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு 50.7 சதவீதம் முடியாது என்றார்கள். சரி, உங்களுக்கு எது வேண்டாம் என்று அவர்களிடம் உட்கார்ந்து பேசி, யூரோ, ராணுவக் கூட்டு போன்ற நாலு விஷயத்தில் விலக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் மறுபடி ஓட்டுப் போட்டு ஒப்பந்தத்தை ஏற்றார்கள். 2000-த்தில் யூரோவுக்கு வருகிறீர்களா என்று தனியாகக் கேட்டார்கள், 53 சதவீதம் வரமாட்டோம் என்றார்கள், இன்றுவரை வரவில்லை, க்ரோனரை யூரோவோடு இணைத்துக் கட்டி வைத்துக்கொண்டு சொந்த நோட்டிலேயே காய்கறி வாங்குகிறார்கள். உக்ரைன் போர் வந்த பின் 2022 ஜூனில், ராணுவ விலக்கை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் விடலாம் என்று ஓட்டுப் போட்டார்கள்.